நொம்செபோ வீட்டு அடுப்பு

லாமவுசோ மூன்றுகால் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தீய்ந்த மக்காச்சோளக் கூழ் லேசில் விடாது. லுபொம்போ மலையடியில் உள்ள அந்தக் கொட்டகையில் ஊர்ப்பெண்கள் முறைபோட்டுச் சமைப்பார்கள். பெற்றவர் இல்லாத பிள்ளைகள் வந்து சாப்பிடும். மாவு, ஊர்த்தலைவர் பொறுப்பில் உள்ள பொதுவயலில் விளைந்த மக்காச்சோளத்தில் அரைத்தது. அந்தப் பிள்ளைகளைக் கவனிக்க ஊர் வைத்த ஆள் லாமவுசோ. புண் கழுவுவாள், பேன் பார்ப்பாள், அழுகிற பிள்ளையை அழவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள்.

நொம்செபோ தட்டைக் கழுவி வைத்தாள். பதினான்கு வயது. தாய் இறந்தபின் தம்பிகள் இருவரும் அவள் பொறுப்பு. பெரியப்பா மபலாலா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு, தம்பிகளை நகரத்து விடுதிக்கு அனுப்பப் போகிறாராம். நாளை காலை ஊர்த்தலைவர் வந்து பிள்ளைகளின் வீட்டைப் பார்த்து ஒப்புக்கொண்டால் முடிந்தது.

லாமவுசோ கைகூடக் கழுவாமல் மபலாலாவிடம் போனாள். மபலாலா வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களப் பிரிக்கப் போறீங்களாமே அண்ணே?"

"அந்த வீட்டுக் கூரையில புகை பாத்து எத்தனை நாளாச்சு? அடுப்பு அணைஞ்ச வீட்டுல பிள்ளைங்கள எப்படி விடுறது?"

"அதுங்கதான் எங்ககிட்ட சாப்பிடுதுங்களே."

"அதத்தான் சொல்றேன். சோறு போட்டுப் போட்டு நீங்கதான் அடுப்ப அணைச்சீங்க."

லாமவுசோ திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் அவர் சொன்னது சரி.

இனி பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே சாப்பிடட்டும் என்று அவள் சொன்னதும் கொட்டகைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பானையை வீடு வீடாகத் தூக்க முடியுமா என்றார்கள். பானை வேண்டாம், மாவைக் கொடுத்தனுப்பலாம் என்றாள் லாமவுசோ. பிறகு நொம்செபோவிடம் திரும்பினாள்.

"கூழ் கிண்டுவியா?"

"கட்டி தட்டும், அம்மா."

"தட்டட்டும். தம்பிங்க முழுங்குவானுங்க."

மறுநாள் விடியும் முன்பே கொட்டகை அடுப்பிலிருந்து உடைந்த சட்டியில் நெருப்பு எடுத்து, மாவுடன் லாமவுசோ அந்த வீட்டுக்குப் போனாள். நொம்செபோ ஊதி மூட்டினாள். லாமவுசோ அகப்பையைத் தொடவேயில்லை.

தலைவரும் மபலாலாவும் வந்தபோது கூரைமேல் புகை நின்றது. நொம்செபோ ஊர் வழக்கப்படி முழங்காலிட்டு இருவருக்கும் கூழ் நீட்டினாள்.

"ஒருநாள் புகைக்கு நான் மயங்க மாட்டேன்," என்றார் மபலாலா.

"தினமும் வந்து பாருங்க அண்ணே. வரும்போது விறகும் கொண்டாங்க," என்றாள் லாமவுசோ.

தலைவர் கூழை வாங்கிக்கொண்டார். அறுவடை வரை மூவரும் இங்கேயே இருக்கட்டும், அதன்பின் மறுபடி வந்து பார்க்கலாம் என்றார். மபலாலா ஒரு கட்டியைக் கடித்து, முகம் சுளித்து, விழுங்கினார். பிறகு பிள்ளைகள் வீட்டில் சாய்ந்து கிடந்த வேலியைப் பார்த்துவிட்டு, முள் வெட்டும் கத்தியை எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனார்.