கடைசி வரியில் வைத்த எச்சரிக்கை

படூரில் டெக்னிக்கல் ரைட்டிங் படித்துவிட்டு, மதுராந்தகம் அருகே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பேக்கிங் மெஷினில் சிக்கிய கவரை எடுக்கும் முறையை ஆங்கிலத்தில் எழுதினேன். பக்கம் அழகாக இருக்கட்டும் என்று எச்சரிக்கையைக் கடைசியில் வைத்தேன். “பிரமாதமான இங்கிலீஷ்!” என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆபரேட்டர் குமார் அண்ணன் அதை ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தார். கவரை உருவியதும் மெஷின் தானாக ஓடியது. பிளேடு கையுறையின் நுனியைச் சீவியது. விரல் தப்பியது.

“முழுசா படிச்சிட்டுச் செய்யத் தெரியாதா?” என்று மேனேஜர் அவர்மேல் பாய்ந்தார்.

“கரண்ட்ட ஆஃப் பண்ணணும்னு கடைசிலதான சார் போட்டுகீது?” என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு எங்களுடையது, திட்டு அவருக்கா?

இப்போது எச்சரிக்கைதான் என் முதல் வரி. அண்ணன் மெஷினருகே படித்துச் செய்து பார்த்த பிறகே கையெழுத்துக்கு அனுப்புகிறேன். தாமதமாகிறது என்று மேனேஜர் முணுமுணுக்கிறார். ஆகட்டும்.