ஈ மேஜரில் நின்ற கை

மகள் கீபோர்டில் ஏ மைனர், எஃப், ஜி என்று கார்டுகளை, மூன்று மூன்று கட்டைகளாகச் சேர்த்து அழுத்தி, வரிசையாக வாசித்து வந்து, ஈ மேஜரில் கையை எடுக்காமல் நிறுத்தினாள். அடுப்படியில் என் கரண்டியும் நின்றுவிட்டது.

என் அப்பா ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தார். தொண்ணூறுகளில் மதுரையைச் சுற்றி எந்தத் திருவிழா என்றாலும் மேடையில் இருப்பார். "ஈ மேஜர்ல நிப்பாட்டுனா சனம் மூச்சே விடாது. ஏ மைனருக்குத் திரும்புனாத்தான் உசுரு வரும்" என்பார்.

நாகமலை புதுக்கோட்டை வீட்டில் அந்த வித்தையை அம்மாவிடம் காட்டினார். குடித்துவிட்டு வந்து வாசிப்பார். ஈ மேஜர் வீடு முழுக்க இரையும். அம்மா சுவரோடு ஒட்டிக்கொள்வாள். கடைசிக் கார்டு வராது, அடிதான் வரும். ஒருமுறை காதிலிருந்து ரத்தம் வழிந்து ரவிக்கை நனைந்தது.

ஒரு சாயங்காலம் மசாலா அரைத்துக்கொண்டிருந்த அம்மா, ஈ மேஜர் கேட்டதும் அம்மிக் குழவியோடு எழுந்து வந்தாள். கட்டைகளின் மேலிருந்த அவர் கையில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்தது. கீபோர்டும் அவரும் ஒன்றாக அலறினார்கள்.

"சொல்லுங்க, அடுத்தது என்ன கார்டு?" என்று கேட்டாள் அம்மா.

இரண்டு விரல்கள் கோணலாகவே கூடின. அதன்பின் வீட்டில் எதை வாசித்தாலும், அடுப்படியைப் பார்த்துக்கொண்டே ஏ மைனருக்கு வந்து முடிப்பார்.

நான் போய் மகளின் கையை விலக்கி ஏ மைனரை அழுத்தினேன்.

"என்னம்மா நீ, நிப்பாட்டுனாத்தான டென்ஷனா இருக்கும்?"

"மேடையில எம்புட்டு நேரம்னாலும் நிப்பாட்டு. வீட்டுல முடிச்சிரணும்."