உப்பளத்தில் அரக்கி சொன்னது

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காலமெல்லாம் நாடகத்தில் பேய் வேஷம் கட்டினவளுக்கு எப்படி வரும்? இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளில், சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைப் படமாக எடுத்தார்கள். பனிமலை அரக்கி ஒரு சிறுமியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கதை. பனிக்கு எங்கே போவது, மரக்காணம் உப்பளத்துக்கு வந்துவிட்டார்கள். உப்புக் குவியல்களை மூடியிருந்த கீற்றை எடுத்தால் மலை மலையாய் வெள்ளை.

அரக்கி நான்தான். என் மகள் செல்வி காய்ச்சலில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று ஒப்புக்கொண்டேன். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. வெறுங்காலோடு உப்பில் நின்று பாதம் வெடித்திருக்கிறது, உப்பு வாரும் அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏம்மா, கால்ல ரத்தம் வருதே, எரியலியா உனக்கு?" என்றாள். எரியவில்லை.

சிறுமியாக நடித்தது பம்பாய்ப் பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அப்படிப்பட்டவர்களை வசனத்துக்குப் பதிலாக எண்களைச் சொல்லவைத்துப் படம் பிடிப்பார்கள், பிறகு வேறொருத்தி குரல் கொடுப்பாள். இவள் இந்தியில் "ஏக், தோ, தீன், சார்" என்று சொல்ல வேண்டும், நான் பின்னாலிருந்து சடையைப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கு வசனமே இல்லை.

உச்சி வெயில். சடையைப் பிடித்தேன்.

"மெதுவாப் பின்னும்மா, வலிக்குது" என்றாள்.

தலை பின்னும்போதெல்லாம் செல்வி சொல்வது. அதே இழுவை, அதே சிணுங்கல்.

ஷாட் முடிந்ததும் உதவி டைரக்டரிடம், "தம்பி, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"நம்பர்தான்க்கா. கரெக்டா சொல்லிச்சே."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. காலைக் கழுவிக்கொண்டு அடுத்த ஷாட்டுக்குப் போய் நின்றேன்.

பிறகு அரக்கியின் உறுமலைப் பதிவு செய்ய மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். சிறுமிக்குக் குரல் கொடுத்த பெண் நான் சடையை இழுக்கும் இடத்தில் வந்து வந்து திணறினாள். "ஏக், தோ, தீன், சார்னு சொன்னா உதடு ஒட்டவே ஒட்டாதுக்கா. இங்க ஒட்டுது பாருங்க. அம்மான்னு சொல்ற மாதிரி இருக்குது."

மறுபடி ஓட்டினார்கள். நான் சிறுமியைப் பார்க்கவில்லை, பின்னால் நிற்கும் என்னையே பார்த்தேன். அவள் சொல்லி முடித்ததும் என் வாய் அசைகிறது. ஏதோ பதில் சொல்கிறேன், நீளமாகவே சொல்கிறேன். சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. கோரைப்பல் கட்டியிருந்ததால் என் உதடுகள் மூடவில்லை, என்ன வார்த்தை என்று குரல் கொடுத்த பெண்ணாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

படம் வந்தது, போனது. செல்வியிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் திரையில் அந்தச் சிறுமி அதை முழுசாகக் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டுகிறாள்.