கோழிச் சாற்றில் வெல்லம்

சித்தி எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து என் பேத்தி கோழிச் சாற்றில் தேங்காய்ப்பால் ஊற்றினாள். அந்த வாசனையில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அறுபதுகளில் பர்மாவிலிருந்து வந்த சித்தி, எங்கள் புதுச்சத்திரத்து வீட்டில் முதன்முதலாகச் சமைத்த நாள். பர்மா நூடுல்ஸுக்கு இங்கே எங்கே போவது? இடியாப்பம் போன்ற எங்கள் சந்தகையையே பிழிந்து, அதன்மேல் இந்தச் சாற்றை ஊற்றினாள். சந்தகையில் தேங்காய்ப்பால் என்றாலே எங்களுக்கு இனிப்புதான். அப்பா வழக்கம்போல வெல்லத்தை அள்ளிப் போட்டுப் பிசைந்துவிட்டார்.

“ஐயோ மாமா, அது கோழிச் சாறுங்க!” சித்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பா முகம் மாறாமல் விழுங்கினார். “நல்லாருக்குது அம்மிணி, இன்னுங் கொஞ்சம் ஊத்து.”

அதை நம்பி, கடைசிவரை அவருக்கு வெல்லம் போட்டே கொடுத்தாள் சித்தி.

பேத்தி கிண்ணத்தை நீட்டினாள். குறிப்பில் உள்ளபடியே, மேலே ஒரு துண்டு வெல்லம். நானும் முகம் மாறாமல் சாப்பிட்டேன்.