ஏழாவது பஞ்சு

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பெயர் பஞ்சு அக்கா. காது மூக்கு தொண்டைப் பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். கத்தி, கத்தரி எடுத்துக் கொடுப்பதோடு, மூக்குக்குள் போகிற ஒவ்வொரு பஞ்சுத் துண்டையும் எண்ணி அனுப்பி, எண்ணி வாங்குவது அவள் பொறுப்பு. எண்ணும் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கொடியிலிருந்து துணி எடுத்தாலும் எண்ணித்தான் மடிப்பாள். "என்னையும் ஒரு தடவ எண்ணிப் பாத்துட்டுத் தூங்கு" என்பாராம் வீட்டுக்காரர்.

நான் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். அவளோடு ஒரே அறையில் எட்டு வருடம் நின்றிருக்கிறேன். பல நாள் எரிச்சலும் பட்டிருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் "இருங்க, இன்னொரு தடவ எண்ணிடறேன்" என்றால் யாருக்குத்தான் வராது?

மூக்கு என்றால் முகத்தில் துருத்திக்கொண்டிருப்பதுதான் என்று நினைக்கிறோம். அது வெறும் வாசல். உள்ளே ஒவ்வொரு பக்கமும் மேல் கீழாக மூன்று எலும்பு மடல்கள். அவற்றுக்குப் பின்னால் கன்னத்தில் ஒரு காற்றறை, நெற்றியில் ஒன்று, கண்களுக்கு நடுவே தேனடை மாதிரி குட்டிக் குட்டி அறைகள். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே இருப்பது காகிதம் போன்ற எலும்பு. கூரைக்கு மேலே மூளை. கன்ன அறைக்கு வடிகால் வாசல் அடியில் இல்லை, உச்சியில் இருக்கிறது. எந்தக் கொத்தனார் தொட்டியை இப்படிக் கட்டினாலும் அடி வாங்கியிருப்பான். அதனால்தான் சளி தேங்கிப் பலர் தலைவலியில் சாகிறோம், நானும் சேர்த்துத்தான்.

அன்றைக்குப் படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். மூக்கின் நடுச்சுவர் வளைந்து, கன்ன அறை அடைத்து, நாலு வருடமாக வாயால் மூச்சு விட்டவர். ஆபரேஷன் முடிந்தது. உள்ளே வைத்த பஞ்சுகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றுக்கும் வால் போல ஒரு நூல் உண்டு. அது மூக்குக்கு வெளியே தொங்கும். பலகையில் ஆறு என்று எழுதியிருந்தது. தட்டிலும் ஆறு இருந்தது.

"கணக்கு சரியா?" என்றார் டாக்டர். அவருக்கு மூக்கு நுனியில் கோபம்.

"சரி சார்."

மயக்க டாக்டரம்மா மருந்தை நிறுத்தினார். டிரைவரின் விரல்கள் அசைந்தன. மூச்சுக்காகத் தொண்டைக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் குழாயை எடுக்க நான் கை நீட்டினேன்.

"எடுக்காதீங்க!"

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் தோய்ந்த ஆறு துண்டுகளையும் விரித்து வரிசையாக வைத்திருந்தாள். அதில் ஒன்று மற்றவற்றில் பாதி நீளம்தான்.

"இன்னொண்ணு உள்ள இருக்கு சார்."

"ஆறுன்னு நீதானம்மா சொன்னே?"

"சொன்னேன். தப்பு."

டாக்டர் முகம் கடுகடுத்தது. மூன்று வருடம் முன்பு அக்கா இதே மாதிரி ஒரு ஆபரேஷனை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாள். கடைசியில் பஞ்சு டாக்டரின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார். "இந்தத் தடவ யார் செருப்புல தேடணும்?" என்றார் இப்போதும்.

அக்கா இடத்தை விட்டு நகரவில்லை. பஞ்சு உள்ளேயே இருந்து, நான் குழாயை எடுத்து, அவர் முதல் மூச்சை இழுத்தால், அது நேராக மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஆள் அந்த மேஜையிலேயே போய்விடுவார்.

டிரைவர் இரும ஆரம்பித்தார். டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை. "மறுபடி தூங்க வைக்கிறேன். தேடுங்க" என்றார்.

கேமரா குழல் மறுபடி உள்ளே போனது. நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். நடு மடலின் கீழே இல்லை. அகலப்படுத்திய வாசல் வழியாகக் கன்ன அறைக்குள் பார்த்தார், அங்கும் இல்லை. கண்ணோரத்துக் குட்டி அறைகளிலும் இல்லை. "பாத்தியா?" என்றார் டாக்டர்.

"பின்னாடி பாருங்க சார். மூக்கு முடிஞ்சு தொண்டை ஆரம்பிக்கிற இடத்துல."

குழல் இன்னும் உள்ளே போனது. உள்நாக்குக்கு மேலே, கறுப்பாக ஒரு ரத்தக் கட்டி. "வெறும் ரத்தம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அதை உறிஞ்சினார். உறிஞ்சுகுழாயின் நுனி அடைத்துக்கொண்டது. கட்டியின் ஓரம் பிரிந்து, வெள்ளையாகப் பஞ்சின் ஓரம் தெரிந்தது.

பாதிப் பஞ்சு. வால் இல்லை.

அது தட்டில் விழுந்த பிறகு டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இதை யாரு வெட்டினது?"

வளைந்த பக்கத்தில் முழுத் துண்டு நுழையவில்லை என்று அவர்தான் சின்னதாகக் கேட்டிருந்தார். ரத்தம் பொங்கிய அவசரம். கைகள் பறந்தன, யார் எதைக் கொடுத்தது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும்.

"நான்தான் சார். வெட்டினதைப் பலகையில எழுதல. நூல் இல்லாத பாதியையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அதோடு விட்டாளா? வெளியே டிரைவரின் மனைவி, எப்படியோ செய்தி காதில் விழுந்து, அக்காவைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க கண்டுபிடிச்சுச் சொன்னதாலதான்மா அவர் பொழைச்சாரு."

"உள்ள போனதே என் கையாலதாம்மா" என்றாள் அக்கா.

அந்தம்மாவின் கை இறங்கியது. அப்புறம் விழுந்த வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. அக்கா சுவரோரம் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டாள். எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

விசாரணை முடியும்வரை அவளை வார்டுக்கு மாற்றினார்கள். இரண்டு நாள் கழித்து ரத்தம் கசியாமலிருக்க டிரைவரின் மூக்கில் வைத்திருந்த பஞ்சு அடைப்புகளை எடுக்க டாக்டர் வந்தார். மனைவி கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டு கையை விரித்தாள். முகத்தில் இன்னும் கோபம் போகவில்லை.

"தொடாதீங்க. அந்த நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க எண்ணட்டும்."