டைகரை நடக்க வைத்த கதை

நாய் வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது. ஆனால் அதைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் சொல்வதை நம்பித்தான் மருந்து எழுத வேண்டியிருக்கிறது. தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் பதினெட்டு வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். அன்றைக்குக் குட்டியாகத் தடுப்பூசிக்கு வந்ததெல்லாம் இன்றைக்குக் கிழடு தட்டி, மூட்டு வலியோடு வருகின்றன. வயசான நாய் வைத்திருப்பவர்களே, காலையில் அது எழுந்து நிற்க நாலு தடவை முயற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். உங்களிடம் புலம்பாமல் வேறு யாரிடம் புலம்புவேன்?

ஆளுக்குப் பாதி

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், ரத்த வாந்தி எடுக்கும் நாயோடு வந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார். நான் சத்தம் போட்ட பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. அவருடைய முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. தினமும் காலையில் அதை இரண்டாக உடைத்து, பாதி இவருக்கு, பாதி நாய்க்கு.

மனுஷர் சாப்பிடும் வலி மாத்திரை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தேன். திட்டுகிற திட்டையெல்லாம் திட்டி முடித்ததும் அவர் நிதானமாகக் கேட்டார்: "சொரங்கத்து லிப்ட், அந்த கேஜ்ல ஏறி எறங்கி என் முட்டி போச்சி, ரோட்ல திரிஞ்சி அது முட்டி போச்சி. வலி ஒண்ணுதானே மேடம், மாத்திர மட்டும் இன்னா வேற?"

பெட்ஷீட்டில் வந்த புலி

அன்றைக்கு அந்தப் பெரியவர் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அதற்கடுத்த மாதம்தான் எட்வினும் ஷீலாவும் வந்தார்கள். ஸ்கெலட்டன் என்கிற பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பெங்களூரில் வேலை. விடிவதற்குள் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. நாயின் பெயர் டைகர், வயது பதின்மூன்று. பெட்ஷீட்டில் போட்டு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார்கள்.

"கஷ்டப்படுது, பாக்க முடியல, ஒரு ஊசி போட்டு அனுப்பி வெச்சிடுங்க" என்றார் எட்வின். அவர் கண் கலங்கியிருந்தது, அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்தேன். இடுப்பிலும் பின்னங்கால் முட்டிகளிலும் நல்ல தேய்மானம். உடம்பு அநியாயத்துக்குக் குண்டு. ஆனால் இதயம் திடமாக இருந்தது, வயிறு நன்றாக இருந்தது, என் கையை நக்கியது. சாகிற நாய் இல்லை இது, வலிக்கிற நாய், இரண்டு மாதம் கொடுங்கள், நடக்க வைக்கிறேன் என்றேன். எட்வின் ஷீலாவைப் பார்த்தார். ஷீலாதான் சொன்னாள்: "சரி மேடம், ஆனா நெஜமாலுமே நடக்கணும்."

ஒரு குண்டான் சோறு

ரத்தம் சோதித்து, நாய்க்கென்றே உள்ள வலி மாத்திரையை எழுதினேன். சோற்றுக்குப் பிறகுதான் தர வேண்டும். சிமெண்ட் தரையில் படுக்கவிடக் கூடாது, நம் ஊர்க் குளிர் மூட்டுக்கு ஆகாது, சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். நகத்தை வெட்டுங்கள். தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக நடத்துங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து எடை போட்டால் ஒரு கிலோகூட இறங்கவில்லை. விசாரித்ததில், வேலைக்குப் போகும்போது ஒரு குண்டான் நிறையச் சோறும் எலும்பும் வைத்துவிட்டுப் போகிறார்களாம். நாள் முழுக்க அதற்கு வேறு வேலை இல்லை, தின்னும், படுக்கும். ஷீலாவுக்கு ஆத்திரமே வந்துவிட்டது: "இருட்டோட போறோம், இருட்டிட்டு வரோம். மூஞ்சதான் காட்ட முடியல, சோறாவது போட வாணாமா மேடம்?"

வீடியோ

எப்படியோ சோறு குறைந்தது. இரண்டாம் மாத முடிவில் எட்வின் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். டைகர் வாசல்படி இறங்கி, தெருமுனை வரைக்கும் போய், விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. அந்த வீடியோவை வாங்கி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டி நான் பீற்றிக்கொண்டதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றைக்கே எட்வின், எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். தாராளமாக நாலு தெரு சுற்றும் என்றேன். இன்னும் எத்தனை நாள் மாத்திரை தர வேண்டும் என்றார். ஆயுசுக்கும் என்றேன். எட்வின் டைகரின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஆனா இனிமே யாரும் தூக்க வாணாம், அதும்பாட்டுக்கு அது இருந்துக்கும், இல்ல மேடம்?"

பூட்டு

அவர்களின் பக்கத்து வீட்டு மேரியம்மா அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்து நின்றார். எட்வின் குடும்பம் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கே குடிபோய்விட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் நாய் படுத்திருக்கிறது என்றார். எட்வினுக்குப் போன் போட்டேன். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார் என்று அடுக்கினார். தினமும் ரயிலில் அல்லாடுகிற கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் ஒரு நாயை இப்படியா விட்டுவிட்டுப் போவது என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை: "படுத்த படுக்கையா இருந்திருந்தா வுட்டுட்டு வர மனசு வந்திருக்குமா மேடம்? நடக்குதே, எங்கனா போயி பொழைச்சிக்கும்னுதான் வந்தோம்."

சாயங்கால நடை

டைகர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. காலையில் சோறு வைத்து மாத்திரை தருகிறேன். வலி அடங்கியதும் கேட் திறக்கிற நேரம் பார்த்து நழுவி, ஸ்கெலட்டனுக்கு நடக்கிறது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அந்தப் பூட்டுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. மேரியம்மா போன் செய்வார். கிளினிக்கை மூடிவிட்டுப் போய்த் தூக்கி வருவேன். தூக்கும்போது அது என்னைப் பார்ப்பதில்லை, கதவைத்தான் பார்க்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது, யார் மேல் என்று தெரியாத கோபமும் வருகிறது. நேற்று மேரியம்மாவுக்கே பொறுக்கவில்லை: "அந்த மாத்திரய நிறுத்திட்டுத்தான் பாருங்களேன் மேடம், எங்கியும் போவாது."

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் நொண்டுகிற கிழட்டு நாயோடு யார் வந்தாலும் அதற்கு என்ன வயசு, என்ன தின்கிறது என்று கேட்பதற்கு முன்னால், வீடு மாற்றுகிற யோசனை ஏதும் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.