பட்டையும் வாளியும்

மகள் பிறந்த நாலாம் மாதத்தில், அவளைத் தூக்கும்போதெல்லாம் என் வலது கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை சுரீரென்று இழுத்தது. எங்கள் மலையூர் வில்பட்டியில் அப்போது ஓயாத மழை. குழந்தைத் துணிகளை இறுக்கிப் பிழிந்தால்தான் காயும். பிழிவது நான்தான்.

"கைக்குழந்தக்காரிக்குக் கை வலிக்காம இருக்குமா?" என்றார் கணவர்.

கொடைக்கானலில் பார்த்த முதல் டாக்டர் என் கையைத் தொடவே இல்லை. "செல்போனக் கொறைங்கம்மா" என்று மாத்திரை எழுதினார். போன் பார்க்க எனக்கு ஏது நேரம்? அதை அவர் முகத்துக்கு நேரே கேட்காமல் வந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

பிறகு, வத்தலக்குண்டில் சுளுக்கெடுப்பவரிடம் கணவர் கூட்டிப்போனார். அவர் எண்ணெய் தடவி, கட்டைவிரலை வெடுக்கென்று இழுத்தார். "நரம்பு பிசகிக் கெடக்கு. வெரசாச் சரியாயிரும்" என்றார். மலையேறி வீடு வருவதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் ஒரு பெண். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். கத்திவிட்டேன்.

"தசைநார் ஓடுற உறை தடிச்சுப்போச்சு. புள்ள பெத்தவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான்" என்றார். ஊசி போட்டால் வேகமாகக் குறையும், கைப்பட்டையும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்றார். ஊசிக்குப் பயந்து, கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் அந்தப் பட்டையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பட்டையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு துணி பிழிய முடியுமா? காலையில் மாட்டுவேன், வாளியைக் கண்டதும் கழற்றுவேன். சில வாரம் கழித்துப் போனபோதும் வலி அப்படியே இருந்தது.

"பட்டையக் கழட்டுனீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

கணவர் முந்திக்கொண்டார். "சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா டாக்டர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கழட்டாம இருந்தா துணிய யாரு பிழியிறது? நீங்க பிழிவீங்களா?" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேக்குறாங்கல்ல, சொல்லுங்க" என்றார் டாக்டர் அவரிடம்.

அன்றே ஊசி போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி வாளியைக் கணவர் முன்னால் காலால் தள்ளினேன். உட்கார்ந்து பிழிந்தார். மறுநாளும் பிழிந்தார். குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்குவதும் அவர் சோலியானது. வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது.

வீட்டுக்கு யாராவது வந்தால், "ஒரு ஊசிதான், சரியாப்போச்சு" என்பார். நான் விடமாட்டேன். "ஊசி, பட்டை, அப்புறம் நீங்க துணி பிழிஞ்சது" என்று முழுதாகச் சொல்வேன். அவருக்கு அது பிடிக்காது.